மாப்பிள்ளைத் தவளை

பாகூர் ஏரிக்கரையில் தவளைக் கல்யாணம் நடந்த வாரத்திலிருந்து தேவநாதன் குள்ளமாகிக்கொண்டே வந்தார். முதலில் வேட்டி தரையில் புரண்டது. பொங்கல் வருவதற்குள் மோட்டார் கொட்டகையின் சுவிட்ச் எட்டவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் சுத்தமாக இருக்கிறது, உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

காரணம் அவருக்குத் தெரியும். அந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்து, ஏரிக்குள் மாடு மேய்ந்தது. மழைக்காகத் தவளைகளுக்குக் கல்யாணம் செய்து வைப்பது என்று ஊர் முடிவு செய்தது. ஜோடி பிடித்து வரும் பொறுப்பு தேவநாதனுக்கு, ஏனென்றால் அவருடைய போர்செட் வாய்க்காலில்தான் கொஞ்சமாவது ஈரம் இருந்தது. அங்கே ஒரு பெரிய தவளையின் முதுகைக் கட்டிப் பிடித்தபடி ஒரு பொடித் தவளை உட்கார்ந்திருந்தது. இரண்டையும் பிய்த்தெடுத்து வந்தார். பெரியதற்குச் சரிகைத் துண்டைச் சுற்றி மாப்பிள்ளை ஆக்கினார். சின்னதற்கு மஞ்சள் கயிறு. பக்கத்தில் நின்ற அவர் மனைவி சாரதா மெதுவாகச் சொன்னாள்.

“பெருசுதாங்க பொட்டை. வவுத்தப் பாருங்க, முட்டை நெறைய இருக்கு. தண்ணில வுட்டுடுங்க.”

“மாப்ள பொண்ண வுட சின்னதா இருப்பானா? வாய மூடிக்கினு நில்லுடி.”

கூட்டம் சிரித்தது. ஏன் சிரித்தது என்று இருவருக்கும் தெரியும். சாரதா அவரைவிட ஒரு தலை உயரம். கல்யாண போட்டோவிலேயே அவளை முழங்காலை மடக்கி நிற்க வைத்தவர் அவர். அதன் பிறகு, வெளியே கிளம்பும்போதெல்லாம் குனிந்து வரச் சொல்வார். குனிந்து குனிந்து, நாற்பது வயதுக்குள் அவள் முதுகே வளைந்துபோனது. களை எடுக்கிற உடம்பு அப்படித்தான் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

மேளத்தோடு ஊர்வலம் போனது. மணப்பெண் பாதி வழியில் குதித்து ஓடிவிட்டது. மாப்பிள்ளை வெயிலில் தாம்பாளத்திலேயே செத்துப்போனது. துண்டைப் பிரித்தபோது அதன் அடியில் கறுப்பு முட்டைகள் வழிந்து காய்ந்திருந்தன. மழை என்னவோ பெய்தது. எல்லோரும் தேவநாதனைத் தட்டிக்கொடுத்தார்கள். அவருக்கோ, தன் பாழாய்ப்போன வீம்பு ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கொன்றுவிட்டதே என்று உள்ளுக்குள் அரித்தது. அந்த வாரம்தான் வேட்டி புரள ஆரம்பித்தது.

சாரதாவின் இடுப்பளவுக்கு வந்தபோது ஒரு நாள் வாய் திறந்தார்.

“இனிமே குனியாத, சாரதா. நிமிந்து நில்லு. நான் செஞ்சது பாவம்.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு முயன்று பார்த்தாள். எலும்பு இணங்கவில்லை. வரவில்லை என்று கோபமில்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆடி மாதத்தில், கைக்குழந்தை அளவில் நின்றுவிட்டார். வரப்பு ஏற முடியாததால் சாரதாதான் முதுகில் தூக்கிப் போகிறாள். அந்த வளைவில் அவர் நழுவாமல் உட்காருகிறார், அளவெடுத்துச் செய்த மாதிரி. வில்லியனூர் பஸ்ஸில் ஆரம்பத்தில் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது ஜன்னலோர இடம் விடுகிறார்கள். அவள் தோளைக் கட்டிக்கொண்டு, தன் கீழே அந்த முதுகெலும்பு உறுத்துவதைப் பொறுத்துக்கொண்டு வருகிறார் தேவநாதன். வலிக்கிறதா என்று தினமும் கேட்கிறார்.

“முன்ன இருந்த கனம் இல்லீங்க,” என்கிறாள்.