பதினேழு நிமிட ரத்தம்

பதினேழு நிமிடம் பட்டறைத் தொழிலாளியின் இதயம் இரண்டு உடம்புகளுக்கு வேலை செய்தது. அது முடிந்தபோது அவன் கோபம் முழுவதும் ஆறு வயது மகளிடம் போய்விட்டிருந்தது.

அவள் இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவள். பத்தடி நடந்தால் உதடு நீலம் பாரித்துக் குந்திவிடுவாள். ஓட்டையைத் தைத்து முடிக்கும்வரை ரத்தத்தை ஓட்ட அந்நாளில் இயந்திரம் இல்லை. பெற்றவர்களில் ஒருவரைப் பக்கத்தில் படுக்கவைத்துக் குழாய் மாட்டினார்கள். தாய்தான் முந்திக்கொண்டாள். அவள் ரத்தம் சேரவில்லை. புருஷன் ரத்தம் சேர்ந்தது.

"அந்த ரத்தம் வேண்டாம் டாக்டர், பொல்லாத ரத்தம்" என்றாள்.

"ரத்தத்துல நல்லது பொல்லாதது கிடையாதும்மா, மொத்தமே நாலு வகைதான்" என்று டாக்டர் சிரித்தார். அவள் இரண்டு விலா எலும்பும் ஒரு மணிக்கட்டும் புருஷன் கைபட்டு முறிந்தவை. ஆனாலும் பிள்ளை பிழைக்க வேண்டுமே! கட்டுப் போடாத கையால் கையெழுத்திட்டாள்.

நெஞ்செலும்பை அறுத்துக் குழாயைத் திறந்ததும், அலமாரியிலிருந்த மருந்துப் புட்டிகள் துடிப்புக்கு ஒன்றாக வெடித்தன. நர்ஸ் கூட்டி அள்ளினாள்; டாக்டர் தையலை நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் பிள்ளையின் உதடு சிவந்தது. ஐந்தாம் நாள் மகள் அதே நர்ஸின் மண்டையை உடைத்தாள். பக்கத்துக் கட்டிலில் அப்பன் கொசுவை அடிக்க மனமில்லாமல் ஊதி அனுப்பிக்கொண்டிருந்தான். பட்டறைக்குத் திரும்பியவன் இரும்புக்கு வலிக்குமென்று சம்மட்டியைக் கீழே வைத்தான். அவனை வாசல் காவலுக்கு மாற்றினார்கள்.

எட்டு வயதில் மகள் எதிர்வீட்டுக்காரரின் தோளை மூட்டிலிருந்து இறக்கினாள். ஒன்பதில் கதவைக் கீலோடு பிடுங்கினாள். டாக்டர் வருஷா வருஷம் 'இதயம் நலம்' என்று எழுதினார்.

"அது நல்லாத்தான் இருக்கு டாக்டர், நாங்கதான் இல்ல" என்றாள் தாய்.

பதினோராம் வயதில், ரிப்பன் காணவில்லை என்று இரும்புக் கம்பியோடு தாய்மேல் பாய்ந்தாள். தாய் பழக்கத்தில் சுவரோடு ஒட்டித் தலையை மூடிக்கொண்டாள். அடி விழுந்த சத்தம் கேட்டது, வலி வரவில்லை. நடுவில் புருஷன் நின்றான். தரையில் அவனுடைய இரண்டு பல்.

"அவளை விட்டுடும்மா" என்றான் மகளிடம், வாயைத் துடைத்துக்கொண்டே. "இது என்னோடது. என்கிட்டயே குடுத்துடு."

அதிலிருந்து மகள் குரல் உயர்ந்தால் தெருவில் ஜன்னல்களைச் சாத்துவார்கள். அவன் கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுக் கூடத்தில் வந்து நிற்பான். தாய் அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நிதானமாக வெங்காயம் நறுக்குவாள்.