கடைசி வரி யாருடையது

நான்காவது நோட்டும் பற்றிக்கொண்டது. வெர்லீன் அதை இடுக்கியால் அடுப்புக்குள் தள்ளினாள். ஒரு பக்கம் மட்டும் சுருண்டு மேலெழுந்து, எரிவதற்கு முன்னால் அவளைப் பார்த்தது. பச்சை மை. அவளுடைய கையெழுத்து.

"சீக்கிரம்டி. ஒரு துண்டுகூட மிஞ்சக்கூடாது." அம்மா ரோவீனா கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

முந்தாநாள்தான் பின்னறையில் குடியிருந்த மிஸ் ஹெஸ்டர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். முப்பது வருஷம் லெனாக்ஸ் அவென்யூ தெருமுனையில், மேடைக்குப் பதிலாக ஏணிமேல் நின்று கூட்டத்துக்குப் பேசியவர். வெள்ளைக்காரர் வீடுகளில் துவைத்துச் சமைக்கும் கறுப்புப் பெண்களைப் பற்றி அவர் யோசித்ததை யாரும் அச்சுப் போடவில்லை. கறுப்பர் உரிமை இயக்கத்து ஆண்களே, "பொம்பளைங்க அழுக்குத்துணிக் கதை" என்று சிரித்தார்கள். கண் மங்கிய பிறகு அவர் சொல்லச் சொல்ல வெர்லீன் எழுதினாள், பதின்மூன்றாம் வயதிலிருந்து இரண்டு வருஷம். ஒவ்வொரு வரி முடிவிலும் நிறுத்தி, "எழுதிட்டியா, குட்டி?" என்று கேட்பார். எழுதியாயிற்று என்றால்தான் அடுத்த வரி.

இன்று காலை, அம்மா கடிதங்களை வகைபிரிக்கும் தபால் அலுவலகத்துக்குத் துப்பறியும் ஆட்கள் இரண்டு பேர் வந்து, பின்னறையில் யார் இருந்தது, என்ன எழுதினார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். சர்க்கார் வேலை. ஒரு சந்தேகம் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கடைசியாக ஐந்தாவது நோட்டும் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே கரித்துகள்கள் அவசரமே இல்லாமல் தெருவுக்கு இறங்கிக்கொண்டிருந்தன. கீழே யாரோ ஒருத்தி ஒன்றைக் கையில் ஏந்தி ஊதிவிட்டாள்.

கதவு தட்டப்பட்டது. அடுப்பைச் சாத்திவிட்டு அம்மா கதவைத் திறந்தாள்.

வந்தவர் முடிவெட்டும் மிஸ்டர் காஸ்கின். மிஸ் ஹெஸ்டரின் ஏணி அவர் கடையில்தான் இருக்கும்.

"ஏணியை நிறுத்தியாச்சு. தேசியக் கொடியும் குத்தியாச்சு, கொடியில்லாம பேசினா போலீஸ்காரன் ஏணியைப் பிடுங்கிட்டுப் போயிடுவான். சனம் காத்துக்கிட்டிருக்கு. வெர்லீன், நோட்டை எடுத்துக்கிட்டு வா."

அந்த முனையில் அப்படி ஒரு வழக்கம். ஏணிப் பேச்சாளர் இறந்தால், அவர் சொன்னதை வேறொருவர் ஏறிப் படிக்க வேண்டும். அதுவரை சவப்பெட்டி நகராது.

"நோட்டெல்லாம் இல்லீங்க," என்றாள் அம்மா.

அவர் மூக்கை உறிஞ்சினார். அடுப்பைப் பார்த்தார். "ஜூன் மாசத்துல இவ்வளவு குளிருதா, ரோவீனா?"

"உங்களுக்கென்ன, சொந்தக் கடை! என்னைத் துரத்தினா இவளுக்கு நீங்களா சோறு போடுவீங்க?"

அவர் தொப்பியைக் கையில் சுழற்றியபடி நின்றார். "பெட்டி வெயில்ல கெடக்கு," என்றார் கடைசியில்.

வெர்லீன் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். விரலில் இன்னும் பச்சை மை. "நோட்டு இல்லன்னு நானே சொல்லிட்டு வந்துடுறேம்மா," என்றாள்.

ஏணிக்கு ஆறு படி. மூன்றாவது படியில் தெருச் சத்தம் அடங்கிவிட்டது. ஆறாவதில் நின்றபோது தொப்பிகளெல்லாம் ஒரு மெதுவான நதியாக, அவளுக்குக் கீழே அசைந்தன. பெட்டி அதில் மிதக்கும் படகு மாதிரி இருந்தது. கரித்துகள்கள் இன்னும் விழுந்துகொண்டிருந்தன.

"ஏறினது வேடிக்கை பாக்கவா, பாப்பா?" என்று கத்தினாள் ஒரு சலவைக்காரி. சிரிப்பு.

நோட்டு இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "அவங்க வீட்டுக் குழந்தைக்கு நம்ம கை வாசனைதான் அம்மா வாசனை," என்று வந்தது. முதல் நோட்டு, முதல் பக்கம். "ஆமா!" என்றது கூட்டம். அடுத்த வரியும் வந்தது. அதற்கடுத்ததும். எரிந்த பக்கங்கள் காற்றில் தானாகப் புரள்வதுபோல இருந்தது.

அப்போதுதான் பார்த்தாள், பின்வரிசையில் சாம்பல் நிறத் தொப்பிக்காரனை. சின்னப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தான். அம்மாவை விசாரித்தவர்களின் ஆளாகத்தான் இருக்க வேண்டும். இறங்கிவிடு, வெர்லீன். ஆனால் அவன் பென்சில் பின்தங்கியது. ஒரு வரியை விட்டுவிட்டான். இந்த உலகத்தில் இப்போது மிஸ் ஹெஸ்டர் சொன்னது எழுத்தில் இருப்பது அந்த ஒரு புத்தகத்தில்தான்.

அவள் நிறுத்தினாள். விட்ட வரியைத் திரும்பச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு வரி முடிவிலும் அவன் பென்சில் நிற்கும்வரை காத்திருந்தாள். கூட்டத்தின் ஓரத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நம்ம கை ஒரே ஒரு திங்கக்கிழமை தூங்கட்டும்," என்றாள் வெர்லீன். "இந்த ஊர் முழிச்சுக்கும்."

முனையே அதிர்ந்தது. சலவைக்காரி அழுதாள். பெட்டியைத் தூக்கினார்கள். ஏணியைப் பிடித்தபடி வெர்லீன் யோசித்தாள்: இந்த வரி எந்த நோட்டில்? பச்சை மையில் இதை எழுதியதாக அவளுக்கு நினைவில்லை.

இறங்கியபோது சாம்பல் தொப்பிக்காரன் கடைசிப் படியருகே நின்றிருந்தான். மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி, பென்சில் நுனியை நாக்கில் நனைத்துக்கொண்டான்.

"அந்தக் கடைசி வரி, பாப்பா. அது யாருது, அவங்களதா, உன்னோடதா?"