ஞாயிற்றுக்கிழமைக் கட்டம்

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டெபின் ஃபிரிட்ஜ் கதவில் அடுத்த வாரத் தாளை ஒட்டினான். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டங்கள், ஏழு ராத்திரிச் சாப்பாடு. மனைவி ஜெரூஷாவுக்குக் கோதுமை அறவே ஆகாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, நான்கு மாதமாக, சனிக்கிழமை தவறாமல் இது நடக்கிறது. மற்ற வாரங்களில் இதில் கொஞ்சம் விளையாட்டும் இருக்கும். இடியாப்பத்துக்குச் சொதியா பாயாவா என்று இரண்டு பேரும் வாக்குவாதம் செய்வார்கள். இன்று அவன் பேனாவை அழுத்திய அழுத்தலில் தாள் ஓர் இடத்தில் கிழிந்தது.

"திங்கள் இடியாப்பம். செவ்வாய்?"

"கேழ்வரகு அடை."

"மாவு கோதுமை அரைக்கிற மில்லுல அரைச்சதா?"

"நீங்கதான மிக்ஸியில அரைச்சீங்க."

அவன் எழுதினான். புதன் சாமைப் பொங்கல். வியாழன் புட்டும் கடலையும். வெள்ளி மரவள்ளிக் கிழங்கு, மீன் குழம்பு. சனி தோசை. கை ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றது.

மேசைமேல் மத்தியானம் வந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கிடந்தது. இருபதுக்குக் கீழே வர வேண்டிய எண், நூற்று நாற்பதிலிருந்து நூற்றுப் பதினெட்டுக்குத்தான் இறங்கியிருந்தது. "எங்கேயோ உள்ள போய்ட்டே இருக்கும்மா. இது இறங்காம குழந்தையைப் பத்தி யோசிக்க வேணாம்" என்று டாக்டர் போனில் சொன்னார். இரண்டு முறை கரு கலைந்த பிறகுதான் இந்த நோய் இருப்பதே தெரிய வந்திருந்தது.

"நானும் எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்துட்டேன்," என்றான் ஸ்டெபின். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அம்மாவோட சப்பாத்தி மாவுதான். வேற வழியே இல்ல."

உள்ளறையில் பீரோ திறந்து மூடும் சத்தம் கேட்டது. மாமியார் ஞானஜோதி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நாளை மத்தியானம் மூத்த மகன் ஜேசன் கேளம்பாக்கத்திலிருந்து காரில் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவள். சர்க்கரைக்காக ராத்திரி இரண்டு சப்பாத்தி. அதற்குத் தனிக் கல், தனிப் பலகை, அதுவும் பால்கனியில். தேய்த்து முடித்ததும் ஈரத்துணியால் தரையைத் துடைத்துவிட்டு, கைகளை முழங்கை வரை கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவாள். ஸ்டெபின் அண்ணன் வீட்டுக்குப் போகச் சொன்னபோது, "சரிப்பா" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் அவள் பேசவில்லை.

அந்த மாவு பால்கனியைத் தாண்டி வந்ததில்லை என்று ஜெரூஷாவுக்குத் தெரியும். எண் ஏன் இறங்கவில்லை என்பதும் தெரியும்.

ஸ்டெபின் ஒன்பது மணி ஆங்கில ஆராதனையில் கிட்டார் வாசிக்கிறவன். ஜெரூஷாவும் அத்தை ஞானஜோதியும் ஆறரை மணித் தமிழ் ஆராதனைக்குப் போவார்கள். அங்கே வாராவாரம் திருவிருந்து உண்டு; பாதிரியார் ஆளுக்கொரு அப்பம் கொடுப்பார். பீடத்துக்கு முன்னால் அத்தையோடு முழங்கால் போட்டு அவள் கையை நீட்டுவாள். காகிதம்போல மெலிந்த, வட்டமான கோதுமை அப்பம் அவள் உள்ளங்கையில் விழும்.

பெருங்காயத்தில் கோதுமை மாவு கலக்கிறார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு டப்பாவோடு தூக்கி எறிந்தவன் ஸ்டெபின். சோயா சாஸ் பாட்டிலின் பொடி எழுத்தை போனில் பெரிதாக்கிப் படித்தவன். ஆனால் அந்த அப்பத்தை அவன் ஒரு நாளும் சாப்பாடாக நினைத்ததில்லை. அவள் நினைத்தாள். முதல் வாரமே நினைத்தாள். நினைத்துக்கொண்டேதான் வாயில் போட்டாள்.

போடாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டாவது முறை கலைந்தபோது, கடவுளோடு பேசப் பிடிக்காமல் மூன்று ஞாயிறு எழுந்து போகாமல் இருந்தாள். வரிசை வரிசையாக எல்லோரும் முன்னால் போக, காலியான பெஞ்சில் அவள் மட்டும். நான்காம் வாரம் சபையின் பெண்கள் ஐக்கியத்துத் தபீதாள் அக்கா பிஸ்கட் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தாள். "யார்கூட மனஸ்தாபம், அப்பம் வாங்க வராம இருக்க? எங்கிட்ட சொல்லும்மா. பாவத்தை உள்ள வெச்சிட்டிருந்தா வயித்துல எதுவும் தங்காது," என்று தலையில் கை வைத்து ஜெபித்தாள். அடுத்த ஞாயிறே ஜெரூஷா எழுந்து முன்னால் போனாள். அதன்பின் ஒரு வாரமும் தவறவில்லை.

இதையாவது யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். முழங்காலில் நிற்கும்போது அவள் எதைக் கேட்டாள் என்பதைத்தான் சொல்ல முடியாது. நாக்கில் அப்பம் கரையக் கரைய, ஒவ்வொரு வாரமும், அவள் கேட்டது ஒரு குழந்தையை.

"ஞாயிறு பிரியாணி போட்டுடவா?" என்றான் ஸ்டெபின். "அம்மா கிளம்பினப்புறம் கிச்சனை மொத்தமா கழுவிடலாம்."

உள்ளே பெட்டியின் ஜிப் கரகரவென்று இழுபட்டு நின்றது.

ஜெரூஷா எழுந்து வந்து அவன் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில், பிரியாணிக்கு இடம் விட்டு, மேல் ஓரத்தில் எழுதினாள்: காலை, அப்பம் 1.

அவன் படித்தான். மறுபடி படித்தான்.

"கோயில்லயா?"

அவள் தலையசைத்தாள்.

"அது கோதுமையா?"

"பின்ன அரிசியிலயா சுடுவாங்க," என்றது உள்ளறை வாசலிலிருந்து ஞானஜோதியின் குரல். எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. தோளில் மடித்த புடவை ஒன்று கிடந்தது.

"எத்தனை வாரமா?" என்றான் ஸ்டெபின் ஜெரூஷாவிடம்.

"எல்லா வாரமும்," என்றாள் ஜெரூஷா.

ஸ்டெபினின் முகம் கோபத்துக்குப் போகப் பார்த்து, வழியிலேயே வேறு எதுவாகவோ மாறியது. அம்மாவின் பக்கம் திரும்பினான். "உங்களுக்குத் தெரியுமா?"

"பக்கத்துலதான முழங்கால் போடறேன்."

"அப்ப ஏம்மா சொல்லல? நான் உங்களைப் போகச் சொல்லிட்டிருக்கேன், வாயை மூடிட்டுப் பெட்டி அடுக்கறீங்க."

"அவ சாமிகிட்ட கை நீட்டி வாங்கினதை நான் எப்படிடா உங்கிட்ட வந்து கோள் சொல்லுவேன்? அவளே சொல்லட்டும்னு இருந்தேன்." புடவையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "சொல்லாமலே விட்டுடுவாளோன்னு கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு."

ஜெரூஷாவால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்தப் புடவையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் வரை வந்த மன்னிப்பு, இந்த இடத்துக்குப் போதாது என்று தோன்றி உள்ளேயே நின்றுவிட்டது.

"நாளைக்கு என்ன பண்ணப்போற?" என்றான் ஸ்டெபின்.

காலியான பெஞ்சும், முன்னால் போகிறவர்களின் முதுகும், அதற்கு நடுவே திரும்பிப் பார்க்கும் தபீதாள் அக்காவின் கழுத்தும் அவளுக்குத் தெரிந்தன.

"போவேன்," என்றாள். "பெஞ்சுல உக்காந்திருப்பேன். அதுக்கு மேல இப்ப எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க."

அவன் பேனாவை வாங்கி அந்த ஓரத்து வரியை அடித்தான். ஒரு கோடு போதாமல் இன்னொரு கோடும் போட்டான். பிறகு போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான். "அண்ணா, நாளைக்கு வர வேணாம்," என்று அவன் சொல்வதும், அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டதற்கு, "தப்புக் கணக்குப் போட்டுட்டேன்," என்பதும் கேட்டன.

ஞானஜோதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி ஏழாகுது. சர்க்கரை மாத்திரை போட்டாச்சு," என்றாள் மருமகளிடம். "நான் சப்பாத்தி தேய்க்கலாமா, கூடாதா? அதைச் சொல்லு முதல்ல."

ஜெரூஷா போய்ப் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டாள்.