நடுமடிப்பில் போன இடுப்பு

குழந்தைகளின் படப்புத்தகங்களுக்கு வரையும் ஓவியரைத் தேடி, செவ்வாய்க்கிழமை காலை, இடுப்பில்லாத கரடியொன்று வந்தது. கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி.

"ஏங்க, உங்க கரடி வந்திருக்கு. நெஞ்சுக்குக் கீழே நேரா காலுதான் இருக்கு. என்ன வேலைங்க இது?"

விரித்த இரு பக்கங்களுக்கும் சேர்த்து வரைகிறவர்கள் முக்கியமான எதையும் நடுமடிப்பில் வைக்கலாகாது. வைத்தால் தையல் விழுங்கிவிடும். புதியவர்களுக்கு இதைச் சலிக்காமல் சொல்லிவந்த ஓவியர், உறங்கும் கரடியின் இடுப்பைச் சரியாக மடிப்பிலேயே வைத்துவிட்டார். முதலில் பைண்டர்மீது பழி போட்டார். பின்னர் அதற்கு அவசியமில்லாமற் போயிற்று; ஏனெனில் விமர்சகர்கள் அவ்விடுப்பின்மையைத் துணிச்சலான மௌனம் என்று எழுதினார்கள். நாளடைவில் அவரும் அதை நம்பலானார். பதிப்புகள் மை காயுமுன் தீர்ந்தன. அவ்வாண்டின் பெரிய விருதும் அவருக்கென்று அறிவிக்கப்பட்டது.

கரடி சாதுவானது. உட்கார இயலாமையால் கூடத்துச் சுவரில் சாய்ந்தபடியே மாதக்கணக்கில் நின்றது. வந்தவர்கள் அதன் கையில் குடையை மாட்டினார்கள்.

"உக்காந்து ரொம்ப நாளாச்சுங்க," என்றது ஒருநாள்.

ஓவியர் பதிப்பாளரிடம் சென்று, மறுபதிப்பில் இடுப்பைச் சேர்க்கலாமா என்று வினவினார்.

"இடுப்பைப் போட்டா அது வெறும் கரடி சார். வெறும் கரடி எல்லார்கிட்டயும் இருக்கு. விருது கைக்கு வரட்டும், அப்புறம் பாக்கலாம்."

ஓவியர் தலையாட்டிவிட்டு வந்து, விழா உரையை உரக்கப் படித்துப் பார்த்தார். "இல்லாமையே என் கலை" என்னுமிடத்தில் மனைவி குறுக்கிட்டார்.

"உங்களுக்கு அது கலை. அதுக்குக் கால் வலி."

ஓவியர் உரைத்தாளைத் திருப்பி, பின்புறத்தில் ஓர் இடுப்பை வரைந்தார், சற்றுத் தாராளமாகவே. கரடி மெல்ல உட்கார்ந்தது, நாற்காலி முறிந்தது. அதே நொடியில் ஊரிலுள்ள பிரதிகள் அனைத்திலும் இடுப்பு வந்து சேர்ந்தது. ஓவியர் சமரசம் செய்துகொண்டார் என விமர்சகர்கள் வருந்தினார்கள். விருது வேறொருவருக்குப் போயிற்று. அவர் வரைந்த கொக்குக்குக் கழுத்தில்லை.

மறு ஆண்டு முதல் ஓவியர்கள் யாவரும் நடுமடிப்பில் எதையாவது தொலைக்கலானார்கள். ஆகவே இப்போது கரடியின் ஓவியர் வாசலில் விடியும்போதே கூட்டம். கொக்குதான் முதலில் வந்தது. கரடி வரிசையை ஒழுங்குபடுத்துகிறது.

"முட்டாதீங்க, எல்லாருக்கும் போட்டுத் தருவாரு."

பால்காரர் பாதி முதலையைத் தாண்டி வந்து, பாலை ஊற்றிவிட்டுப் போகிறார்.