எழுத்து அறையில் அண்ணனுக்கு ஒரு நாற்காலி

"இது யாரு பண்ணின வேலை?"

அப்பா ஒரு காகிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் அறைந்தார். தண்ணீர் டம்ளர் துள்ளியது.

பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பயிற்சி அறையிலிருந்து வந்த பட்டியல் அது. கட்டுரைத் தாளில் தோற்றவர்களுக்கு, நன்றாக எழுதும் சக மாணவர் ஒருவர் ஐந்து வாரம் சொல்லிக்கொடுப்பது அங்கே ஏற்பாடு. கற்பவர் வரிசையில் அண்ணனின் பெயர். பக்கத்திலேயே, கற்பிப்பவர் வரிசையில், தங்கையின் பெயர். இரண்டு தடவை கோட்டை விட்டதில், அண்ணன் தன்னைவிட இரண்டு வயது சின்னவளோடு ஒரே வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தான்.

"தங்கச்சி சொல்லிக்குடுத்து அண்ணன் கேட்டுக்கிறதா? நாலு பேரு பாத்தா என் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?"

"பேரு இருக்கற எடத்துலயே இருக்கட்டும்ப்பா. அவன் பாஸாக வேணாமா?" என்றாள் தங்கை.

அவன் பாஸாவது அவனைவிட அவளுக்குத்தான் அவசரம். அவளுடைய மேல்படிப்பு விண்ணப்பம் அப்பாவின் கையெழுத்துக்காக மூன்று வாரமாக அலமாரியில் கிடக்கிறது. "அண்ணன் ஒரு டிகிரி வாங்காம நீ ரெண்டாவதுக்குப் போறதா? அவன் மொதல்ல தேறட்டும்" என்று சொல்லிவிட்டார். எத்தனையோ அண்ணன்கள் தேறாமலே கிழவர்களாகிவிட்டார்கள். அவர்களுடைய தங்கைகள் என்ன ஆனார்கள் என்று கேட்க ஒரு நாதியும் இருந்ததில்லை.

அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். யார் எந்த சீட்டில் உட்காருவது என்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சட்டென்று அவருக்கு ஒரு யோசனை பிறந்தது.

"சரி, சொல்லிக்குடு. ஆனா வாத்தியார் நாற்காலில அவன் உக்காரட்டும். கழுத்துல போடற 'பயிற்றுநர்' அட்டையையும் அவனே மாட்டிக்கட்டும். பாக்கறவனுக்கு அவன் உனக்குச் சொல்லிக்குடுக்கற மாதிரி இருக்கும்."

அண்ணன் தலையைச் சொறிந்தான். நல்லவன்தான், பாவம், பேனாவை எடுத்தால் மட்டும் மூளை லீவு போட்டுவிடும்.

அப்படியே நடந்தது அந்தக் கூத்து. 'பயிற்றுநர்' அட்டை அவன் கழுத்தில். அவள் எதிரே அவன் கட்டுரைத் தாளின் மேல் குனிந்துகொண்டு, பாடம் கேட்பவளைப் போல முணுமுணுத்தாள்.

"நீ என்ன சொல்ல வர்றே?"

"வண்டி ஓட்டப் பழகறவங்களுக்கு பயம் இருக்குன்னு."

"எதப் பாத்து பயம்?"

அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தான். "ரோட்டைப் பாத்து இல்ல. அப்பா கத்தறதப் பாத்துதான்."

"அடப்பாவி, அதத்தான் எழுதணும்! எத்தன பேரக் கேட்டே?"

கேட்கக் கிளம்பினான். அப்பாவிடம் ஓட்டப் பழகும் பதினேழு பேரைக் கேட்டான். அதற்குள், அட்டையை நம்பி முதலாண்டு மாணவர்கள் அவன் முன்னால் வரிசை கட்டினார்கள். அவனுக்குத் தெரிந்தது ஒரே கேள்விதான்: "நீ என்ன சொல்ல வர்றே?" அதைக் கேட்டதுமே அவர்களாகப் பேசி, அவர்களாகத் தெளிந்து, "ரொம்ப தேங்க்ஸ் அண்ணா!" என்று போனார்கள்.

நாற்காலிகள் சரியாக இருக்கின்றனவா என்று அப்பா தினமும் எல் போர்டு காரில் அந்த அறையின் ஜன்னலோரம் ஒரு சுற்று வந்தார். அந்தக் காரை ஓட்டப் பழகிய மருந்துக்கடைக்காரருக்கு ஐந்து வாரத்தில் அந்த ஒரு தெரு மட்டும் அத்துபடியானது.

அண்ணன் பாஸ். அதுவும் நல்ல மார்க். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். பெரியப்பாவை வரவழைத்து, கட்டுரையை உரக்கப் படித்தார். தன் கத்தலைப் பற்றிய பக்கங்களை நைசாகத் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"'ஐந்து வாரமும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் தங்கை. அட்டை மட்டும்தான் என் கழுத்தில் இருந்தது. நாற்காலியை மாற்றச் சொன்னவர் என்...'"

குரல் அதோடு உள்ளே போய்விட்டது.

"ஏன்டா இத எழுதித் தொலைச்சே?"

"யாரு உதவினாங்கன்னு எழுதலேன்னா மார்க் கெடையாதுப்பா," என்றான் அண்ணன். "எழுதாம இருந்தாலும் அது உண்மைதானே?"

தங்கை கட்டுரையை வாங்கிப் பார்த்தாள். அந்தக் கடைசிப் பக்கத்தை அவன் அவளிடம் காட்டியதே இல்லை.

பெரியப்பா கனைத்தார். "எம் பயலும் அந்தப் பேப்பர்லதான் ரெண்டு தடவ கவுந்தான். அவனுக்கும் இவளே சொல்லிக்குடுக்கட்டும். நாற்காலிய மட்டும் மாத்திப் போட்டுக்கலாம்."

"மாத்த மாட்டேன் பெரியப்பா. என் எடத்துல நான்தான் உக்காருவேன். அதுக்கு மொதல்ல, மேல்படிப்புல சேந்து நான் அங்கயே படிச்சுக்கிட்டு இருக்கணும்."

அலமாரியைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். அப்பா அண்ணனைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். கை சும்மா இருக்கவில்லை. 'மேல்படிப்பு விரும்பும் காரணம்' என்று காலியாக இருந்த இடத்தில், 'குடும்பத்துப் பையன்களைத் தேற வைக்க உதவியாக இருக்கும்' என்று தாமே எழுதி, பெரிய மனசு பண்ணிய முகத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

அவள் படித்தாள். அங்கேயே, இரண்டு பெரியவர்களுக்கும் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த வரியின் மேல் ஒரே கோடாக அடித்துவிட்டு, 'எனக்குப் படிக்க வேண்டும்' என்று எழுதினாள்.

"ஏம்மா, நான் எழுதினதுல என்ன தப்பு?"

"தப்பு ஒண்ணும் இல்லப்பா. அது உங்க காரணம். படிக்கப் போறது நான்," என்றாள், மை உலர ஊதிக்கொண்டே.