சூடேறாத வண்டி

மலையில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன் எவனிடமாவது போய், பனிக்காலத்தில் வண்டியைச் சூடு பண்ணாமல் எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். அடிக்க வருவான். வேடியப்பனும் அந்த ரகம்தான். பாதி ஆயுளை எஸ்டேட்டின் டீசல் ஜீப்பில் கழித்தவன். மார்கழி பிறந்துவிட்டால் அந்த ஜீப் இருமி இருமித்தான் கிளம்பும். அதனால் விடிந்ததும் அவனுக்கு முதல் வேலை, வெளியே நின்றபடியே கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருகுவது. அது பாட்டுக்கு உறுமிக்கொண்டு கிடக்க, அவன் பல் விளக்கி, காபி குடித்து, கண்ணாடியைத் துடைப்பான். இன்னொரு பழக்கம், வண்டியை எப்போதும் இறக்கம் பார்த்தே நிறுத்துவது. ஸ்டார்ட் ஆகாத நாளில் நாலு பேர் தள்ளினால் போதும்.

ஏற்காட்டு மலையில் வாழவந்திக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டை பெங்களூர் ஜேசுதாஸ் வாங்கியதும் ஜீப் பழைய இரும்புக்குப் போனது. பங்களா ஷெட்டில் ஒரு ஹைபிரிட் கார் வந்து நின்றது. பெட்ரோலும் உண்டு, கரண்டும் உண்டு. வேடியப்பன் பங்களாவுக்குக் காவல், காருக்கு டிரைவர். ஜேசுதாஸ் அவனை உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டச் சொன்னார்.

"இதுல சத்தமே வராது வேடியப்பன். தேவைப்பட்டா மட்டும் எஞ்சின் தானா ஓடும், மத்த நேரம் பேட்டரிதான்" என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். "உன் சம்சாரத்துக்கு இரைப்பு வந்தா என்னைக் கேக்காதே. எடுத்துட்டுப் போயிடு."

மகராசன், அந்த ஒரு வார்த்தைக்காக வேடியப்பன் அவருக்குக் கோயில் கட்டியிருப்பான். சுதாராணிக்குப் பனி ஆகாது. நெஞ்சு விசிலடிக்கும், உதடு கறுக்கும். ஏற்காடு ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் மாட்டிப் புகை மருந்து வைத்தால்தான் மூச்சு திரும்பும். போன பனிக்கு அவளை பைக்கில் வைத்துக் கொண்டுபோனதில் பாதி உயிர் வழியிலேயே போய்விட்டது. "இனி உன்னைப் பைக்குல ஏத்த மாட்டேன் புள்ள" என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தான்.

அதனால்தான் அந்தக் காரை அவன் ஒருநாளும் சூடு பண்ணாமல் விட்டதில்லை. ஆத்திர அவசரத்துக்கு வண்டி மக்கர் பண்ணக்கூடாதல்லவா? விடிந்ததும் ஷெட்டைத் திறப்பான். கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே கையை நீட்டிப் பட்டனை அமுக்குவான், இரண்டு தரம். விளக்கெல்லாம் எரியும், ஃபேன் ஓடும், எஞ்சின் சத்தம் மட்டும் வராது. இது சத்தம் போடாத ஜாதி என்று முதலாளிதான் சொல்லியிருக்கிறாரே. அவன் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பிப்பான்.

சுதாராணி காபி கொண்டுவருவாள். பக்கத்து சீட்டில் ஏறி, மகாராணி மாதிரி காலை மடக்கி உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கும் அது ஒரு சுகம்.

"ஏனுங்க, காத்து சில்லுனு வருதுங்க."

"எஞ்சின் சூடேற வேண்டாமா? பனிக்கு நேரமாகும்."

"ஜீப்புல கொஞ்ச நேரத்துலயே கதகதன்னு வருமுங்களே. இது நொம்ப நேரமா சில்லுனேதானுங்க வருது."

"அது டீசலு, இது கரண்டு. உனக்கென்னடி தெரியும் வண்டியப் பத்தி? காபியக் குடி."

வண்டி விஷயத்தில் பெண்டாட்டி வாயைத் திறந்தால் எந்த ஆம்பளைக்குப் பொறுத்திருக்கிறது! ஆனாலும் அவள் சொன்னது மனசில் உறுத்த, ஃபேனைக் கடைசிவரை திருகி வைத்தான். அடுத்தடுத்த நாட்களிலும் அவள் அதையே சொல்ல, இன்னும் கூடுதல் நேரம் ஓடவிட்டான். முன்பாவது சாமான் வாங்க ஏற்காடு டவுனுக்கு வண்டியை எடுப்பான். அந்தக் கார்த்திகையில் பிடித்த மழை விடாமல் பெய்ததில் அதுவும் நின்றுபோனது. கார் ஷெட்டிலேயே கிடந்து, காலைதோறும் சூடு மட்டும் வாங்கிக்கொண்டது.

மழை விட்டுப் பனி இறங்கிய ஒரு விடியற்காலையில் சுதாராணிக்கு இழுப்பு கண்டது. மருந்துப் பம்பை வாயில் வைத்து அடித்து அடித்துப் பார்த்தாள், அடங்கவில்லை. வேடியப்பன் பதறவில்லை. அதற்குத்தானே கார் இருக்கிறது? கம்பளியைச் சுற்றித் தூக்கிக்கொண்டுபோய் அவளுடைய சீட்டிலேயே உட்கார வைத்தான். ஓடிவந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பட்டனை அமுக்கினான்.

டக் டக் டக் என்று எதுவோ அடித்துக்கொண்டது. விளக்குகள் மினுக்கி அணைந்தன. மறுபடி அமுக்கினான். மறுபடியும் அதேதான், அப்புறம் அதுவும் இல்லை.

"ஐயோ, சக்திவேலு! எல்லாரும் ஓடியாங்கடா!"

எஸ்டேட் கூலியாட்களின் லைன் வீடுகளிலிருந்து சக்திவேலும் நாலைந்து பேரும் துண்டைத் தலையில் சுற்றியபடி ஓடிவந்தார்கள். வண்டிதான் இறக்கம் பார்த்து நிற்கிறதே, தள்ளினால் கிளம்பிவிடும் என்று எல்லாரும் பின்னால் போய்த் தோள் கொடுத்தார்கள். கார் இம்மி நகரவில்லை. கியரை மாற்றலாமென்றால் அதுவும் பூட்டிக்கொண்டு கிடந்தது. "இன்னொரு தம்மு, இன்னொரு தம்மு" என்று வேடியப்பனும் இறங்கித் தள்ளியபடி கத்திக்கொண்டே இருந்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், வேறொரு கேஸை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கியிருக்கிறதாம். வரும்வரை பொறுக்க வேண்டுமாம். உள்ளே சுதாராணி கண்ணாடியைத் தட்டினாள்.

"பைக்குல... போயிரலாமுங்க."

"இரு புள்ள, இப்பக் கிளம்பிரும். தினம் சூடு பண்ணின வண்டி, கிளம்பாமப் போயிருமா?"

சத்தியம் வேறு செய்திருந்தானே! அந்தச் சத்தியத்திலும் தள்ளலிலும் நல்ல நேரமெல்லாம் கரைந்துபோனது. கடைசியில் சக்திவேல்தான் அவனைப் பிடித்து இழுத்துவிட்டு பைக்கை எடுத்தான். நடுவில் அவளை வைத்து, பின்னால் வேடியப்பன் அணைத்துக்கொண்டான். பனியில் எதிரே வருவது தெரியவில்லை. ஒரு திருப்பத்தில் விசில் சத்தம் நின்றது. இழுப்பு அடங்கிவிட்டதென்று பாவி மனுஷன் சந்தோஷப்பட்டான். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது டாக்டர் அவள் இமையைத் தூக்கிப் பார்த்தார், மாஸ்க்கை எடுக்கவில்லை.

கருமாதி முடிந்த பிறகு சேலத்திலிருந்து பிரவீன் என்ற மெக்கானிக் பையனை ஜேசுதாஸ் அனுப்பிவைத்தார். வந்தவனுக்கு வீட்டில் நடந்தது எதுவும் தெரியாது. வண்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"பெரிய பேட்டரி ஜம்முனு இருக்குதுங்கண்ணா. வண்டியை எழுப்பி விடறது இந்தச் சின்னதுதான். இது படுத்துட்டா எல்லாம் படுத்துரும். குளிருல இதுக்குத் தெம்பும் கம்மி. தள்ளியெல்லாம் ஸ்டார்ட் பண்ண முடியாதுங்க. வேற பேட்டரியில இருந்து வயர் குடுத்தா எந்திரிச்சுக்கும். ஆமா, யாராச்சும் பிரேக்கை மிதிக்காம பட்டனை மட்டும் அமுக்கி விட்டீங்களா?"

"அமுக்குனா?"

"லைட்டு, ஃபேன் எல்லாம் ஓடும். ஆனா வண்டி ஸ்டார்ட் ஆயிருக்காதுங்க, சின்ன பேட்டரியைத்தான் உறிஞ்சிட்டு இருக்கும். வண்டி ஓடினாத்தான் அது திரும்ப சார்ஜ் ஏறும். ஹீட்டர் போட்டாலும் காத்து சூடாகாது, அதுலயே தெரிஞ்சுருமே."

வேடியப்பன் குனிந்து தன் காலைப் பார்த்தான். ஓட்டும்போதெல்லாம் உட்கார்ந்த உடனே கால் தானாகப் பிரேக்குக்குப் போயிருக்கிறது. சூடு பண்ணும்போது மட்டும் அவன் வெளியே நின்றிருக்கிறான், ஜீப்புக்கு நின்ற மாதிரி. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். யாருடைய சுடுகாடு என்று அதில் சொல்லியிருக்கவில்லை.

பிரவீன் தான் கொண்டுவந்த பேட்டரியிலிருந்து வயரைக் கொடுத்தான். "ஏறி உக்காருங்கண்ணா. பிரேக்கை மிதிச்சுட்டு அமுக்குங்க."

மிதித்து அமுக்கினான். வெளியே இருந்த குளிருக்கு எஞ்சின் தானாகவே எழுந்து, மெல்ல முனகத் தொடங்கியது. சூடு பண்ணிய இத்தனை காலையில் அந்த ஷெட்டுக்குள் அவன் கேட்டேயிராத சத்தம். ஃபேன் கடைசிவரை திருகியபடியே இருந்தது. முதலில் சில்லென்று வந்த காற்று கொஞ்ச நேரத்தில் இளஞ்சூடாகி, பிறகு கதகதவென்று அடித்தது. பக்கத்து சீட்டில் அவளுடைய கம்பளி அப்படியே கிடந்தது.

"வண்டி இனிப் பிரச்சினை பண்ணாதுங்கண்ணா, ஆப் பண்ணிருங்க" என்றான் பிரவீன்.

வேடியப்பன் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், அவள் பக்கத்துக் காற்றில் கையை நீட்டி வைத்திருந்தான்.

"அவ சொன்னா தம்பி" என்றான். "தினமும் சொன்னா."