கையைத் தூக்கினால்

என் வெட்டு மேசைமேல் யாரும் எதையும் வீசலாம்; துணி விரித்திருக்கும்போது மட்டும் வீசக்கூடாது. அன்று ஒரு பெரிய ஜன்னல் திரையை விரித்துவைத்து ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். அதன் நட்டநடுவில் என் நாத்தனார் ஒரு பொருளைத் தூக்கிப் போட்டாள்.

“அண்ணி, இது உங்க தையல்தானே?”

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வீட்டில் எல்லோருக்கும் அவள் விசில். பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டாலும் மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கிற குரல். இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் தைத்துக் கொடுத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு நானூறு பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து எழக் கற்றுக்கொடுத்தாள். மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது பின்தையல் வாயைப் பிளந்துவிட்டது. தப்பு என் தையலில் என்றாள் அவள். நீ கொடுத்த பழைய அளவில் என்றேன் நான். என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுப் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அதோடு பேச்சு நின்றது.

நடுவில் அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. இடது பக்கம் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். ரோஷத்தை ஓரமாக வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் அடுத்த கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே ஒரு பெண் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு காலுறையைச் சுருட்டிச் சட்டைக்குள் ஒரு பக்கம் செருகினாள். கண்ணாடியில் பார்த்தாள். எடுத்து மறுபடி சுருட்டிச் செருகினாள். கடையில் விற்கிற ரப்பர் மார்பை எல்லோராலும் வாங்க முடியாது, வாங்கியவர்களுக்கும் வியர்த்துக் கொட்டுகிறது என்று தலைமை நர்ஸ் சொன்னார்.

முப்பது வருடமாகப் பெண்களுக்குத் துணி தைக்கிறவள் நான். காலுறையா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கொக்கியிடம் போனேன்.

கொக்கி என் சிநேகிதி. தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் வேலை. கையில் குரோஷே பின்னுகிற கொக்கி ஊசி இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை. அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். அவள் மெல்லிய பருத்தி நூலில் மார்பு அளவுக்குக் கிண்ணம் மாதிரிப் பின்னுவாள். நான் பின்பக்கத்துக்கு வழவழப்பான துணியை வைத்துத் தைத்து, உள்ளே பஞ்சு அடைப்பேன். இரண்டு மாதத்தில் அறுபது முடித்து வார்டுக்குக் கொண்டுபோனோம்.

தலைமை நர்ஸ் பையைத் திறந்து பார்த்தார். “ரொம்ப அழகா இருக்கும்மா. ஆனா ஏன் எல்லாத்தையும் ஜோடி ஜோடியா கட்டி வச்சிருக்கீங்க? முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணுதானே வேணும்?”

நான் கொக்கியைப் பார்த்தேன். கொக்கி என்னைப் பார்த்தாள். சட்டைக்குக் கை வெட்டினாலும் இரண்டு, பேன்ட்டுக்குக் கால் வெட்டினாலும் இரண்டு என்று ஊறிப்போன புத்தி எனக்கு.

“போட்டுக்க ஒண்ணு, துவைச்சுக் காயப்போட ஒண்ணு” என்று கொக்கி சட்டென்று ஒரு போடு போட்டாள். நர்ஸ் சிரித்துவிட்டார். யார் செய்தது என்று யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். விசிலுக்குத் தெரிந்தால் விரலால்கூடத் தொடமாட்டாள் என்று பயம்.

அந்த அறுபதில் ஒன்றுதான் இப்போது என் திரைத்துணிமேல் கிடந்தது.

“யார் சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல. முடிச்சு போட்டு, நூலைத் திருப்பி உள்ள இழுத்து மறைக்கிறது நீங்க ஒருத்தர்தான். அந்த பேன்ட்லயே கடைசி வரைக்கும் பிரியாம நின்னது அந்த முடிச்சு மட்டும்தான்.” அவள் சிரிக்கவில்லை. “நல்லாத்தான் இருக்கு. உறுத்தல, வேர்க்கல. ஆனா இப்ப பாருங்க.”

அதை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இடது கையைத் தூக்கினாள். அது மெல்ல மேலே ஏறி கழுத்தெலும்புக்குக் கீழே போய் நின்றது.

“பஸ்ல கம்பியைப் பிடிச்சேன். கையைக் கீழ இறக்கியும் இது இறங்கல. எதிர்ல உட்கார்ந்திருந்த பொண்ணு அதுக்கப்புறம் என் பக்கமே திரும்பல.”

பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். தலைமை ஆசிரியைக்கு அவளே எழுதியது. மைதான வேலை வேண்டாம், நூலகத்தில் உட்கார வையுங்கள். திங்கட்கிழமை அவளுடைய எட்டு மாத விடுப்பு முடிகிறது. அன்று கொடுக்க வேண்டும்.

“பிள்ளைங்க முன்னாடி கையைத் தூக்க முடியாதவ என்ன விளையாட்டு டீச்சர், அண்ணி?”

கேட்ட குரல் எனக்கே எட்டவில்லை. விசிலுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. இவள் மட்டுமா? அந்த வார்டிலிருந்து போன அத்தனை பேரும் கையைத் தூக்காமல் நடந்துகொண்டிருப்பார்கள். நானோ தர்மம் செய்துவிட்டேன் என்று இத்தனை நாளாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

“கடிதம் பையிலயே இருக்கட்டும். சனிக்கிழமை வரைக்கும் டைம் குடு.”

“உங்க தையலை நம்பி ஒரு தடவை உட்கார்ந்தாச்சு.”

“இந்தத் தடவை அளவு நான் எடுப்பேன்” என்று டேப்பை எடுத்தேன். அவள் கையை விரித்து நின்றாள்.

பஞ்சை இன்னும் இறுக்கி அடைத்தால் நிற்கும் என்றாள் கொக்கி. அடைத்தோம், பந்து மாதிரி துள்ளியது. நாடா வைத்துக் கட்டிப்பார்த்தோம், தழும்பில் அறுத்தது. வியாழக்கிழமை மதியம் எல்லாவற்றையும் மூலையில் எறிந்துவிட்டு, நூலையும் பஞ்சையும் என்னையும் திட்டிக்கொண்டே ஜன்னல் திரையை முடிக்க உட்கார்ந்தேன். காற்றுக்குத் திரை மேலே ஏறாமல் இருக்க, கீழ் ஓரத்தில் சின்னச் சின்ன இரும்புத் துண்டு வைத்துத் தைப்போம். நாலாவது துண்டை உள்ளே தள்ளும்போது என் கை நின்றுவிட்டது.

அடி முட்டாளே, என்று என்னை நானே சத்தமாகவே திட்டிக்கொண்டேன். மேலே ஏறுவதைக் கீழே கனம் வைத்து நிறுத்துவது எனக்குத் தெரியாத வித்தையா?

கொக்கிக்குப் போன் போட்டேன்.

“கவுன்ட்டர்ல ஆள் நிக்கிறாங்கடி.”

“நிக்கட்டும். நீ கேளு.”

இரும்பு வேண்டாம், துவைத்தால் துருப்பிடிக்கும் என்றாள் அவள். சட்டைக் கழுத்தில் கோப்பதற்காக வாங்கிய கண்ணாடி மணி என்னிடம் ஒரு டப்பா இருந்தது. முதலில் மணிகளை நடுவில் வைத்தோம். உருண்டு ஒரு பக்கமாகத் தொங்கியது. பிறகு பிறை வடிவில் மெல்லிய பை ஒன்று தைத்து, மணிகளை நிரப்பிக் கீழ் ஓரத்தில் வைத்தேன். விசில் போட்டுப் பார்த்து, “இன்னும் கொஞ்சம்” என்றாள். பிறகு “அய்யோ, எடுங்க எடுங்க” என்றாள். ஒருவழியாக “ம்” என்றாள். அந்தக் கனம் தவறிவிடக்கூடாது என்று கொக்கி அதை மதிய இடைவேளையில் எடுத்துப்போய்க் கடிதம் நிறுக்கும் தராசில் நிறுத்து எழுதிவைத்தாள். உள்ளாடையிலும் ஒரு பை தைத்தேன், உட்கார்ந்த இடத்தை விட்டு அது நகராமல் இருக்க. தலைமை நர்ஸ் தொட்டுப் பார்த்து, தழும்புக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

சனிக்கிழமை காலை பள்ளி மைதானம் காலியாக இருக்கும் என்று நினைத்துப் போனோம். தொடர் ஓட்டப் பிள்ளைகள் பயிற்சியில் இருந்தார்கள். அவளைக் கண்டதும் கையிலிருந்த குச்சியைப் போட்டுவிட்டு, “டீச்சர்!” என்று அத்தனை பேரும் ஓடிவந்தார்கள்.

விசில் ஒரு அடி பின்வாங்கி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஓடிவிடுவாளோ என்று அவள் வழியை மறித்து நின்றேன்.

“கையைத் தூக்கு” என்றேன்.

வலது கையைத் தூக்கினாள். பிறகு இடது கை, தோள் வரைக்கும். பிறகு தலைக்கு மேல். நான் மூச்சே விடவில்லை. அது அசையவில்லை. கையை இறக்கினாள். தூக்கினாள். கைதட்டிக் குதித்தாள். ஒன்று, இரண்டு, பத்து! இருந்த இடத்தில் இருந்தது. சட்டென்று உட்கார்ந்து எழுந்தாள். அன்று அவள் போட்டிருந்த பேன்ட்டும் நான் புதிதாக அளவெடுத்துத் தைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கிழிகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை. விசில் சத்தம்தான் கேட்டது. எட்டு மாதச் சத்தத்தையும் சேர்த்து வைத்து ஊதினாள். தெருநாய்களெல்லாம் குரைத்தன. பிள்ளைகள் ஓட, அவர்களைத் துரத்திக்கொண்டு இரண்டு கையையும் வீசி அவளும் ஓடினாள்.

நானும் கொக்கியும் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினோம். நான் அழுதேன் என்று கொக்கி இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஆமாம், அழுதேன்.

ஒரு சுற்று முடித்து, மூச்சு வாங்க விசில் வந்து நின்றாள்.

“வார்டுல குடுத்த அறுபதையும் திருப்பி வாங்கி இதே மாதிரி பண்ணணும் அண்ணி. நானே வீடு வீடாப் போய் வாங்கிட்டு வரேன்.”

“பண்ணலாம். தெருவுல இருக்கிற மத்த டெய்லருங்களையும் கூப்பிடணும். எல்லாரும் பிறைப் பையை ஒரே அளவுல தைக்கணும்னா, மாதிரி ஒண்ணு வெட்டிக் குடுக்கணும். பேப்பர்ல வெட்டினா பத்து தடவைல கிழிஞ்சுடும். அட்டை எதாவது…”

அவள் பையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

“நல்ல கெட்டிக் காகிதம். வெட்டுங்க.”

அங்கேயே படிக்கட்டில் வைத்து வெட்டினேன். இப்போது அது என் கடை ஆணியில் தொங்குகிறது. பிறை வடிவத்தின் ஓரத்தில், ‘மைதான வேலை என்னால்’ என்ற எழுத்து இன்னும் தெரியும். மீதி கத்தரிக்கோலோடு போயிற்று. இதுவரை இருநூற்றுப் பத்துப் பெண்கள் வாங்கிப் போயிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் அதை வைத்துத்தான் வெட்டினோம்.